கண்டிச் சீமையில் ஒரு குடித்தனம்



தமிழில் ‘குடித்தனம்’ என்று ஓர் அழகிய சொல் உண்டு. ஆணும் பெண்ணும் மணமுடித்து ஒரு கூரையின் கீழ்த் தங்கிவிட்டால் மட்டும் அது குடித்தனம் ஆகிவிடுவதில்லை. அடுப்பு வேண்டும், அடுப்பிலே ஏற்றுதற்கு அரிசி வேண்டும், நீர் மொள்ளுதற்கு ஒரு துறை வேண்டும், நல்லது கெட்டதற்கு ஓடிவர அண்டை அயல் வேண்டும், கும்பிடுதற்கு ஒரு தெய்வம் வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக, ‘இது நம்முடைய இடம், இங்கிருந்து நம்மை எவரும் எழுப்பமாட்டார்கள்’ என்ற உறுதி வேண்டும். இவை யாவும் கூடிய பின்னரே அது குடித்தனம் எனப்படும்.

பிறந்த மண்ணிலே இவற்றுள் பெரும்பாலானவை ஒருவன் பிறக்குமுன்னரே அவனுக்காகக் காத்திருப்பன. கடல் கடந்து ஒரு புதிய நாட்டிலே வந்து இறங்கிய கணவனும் மனைவியுமோ இவற்றை ஒவ்வொன்றாகத் தாமே தேடிக்கொள்ள வேண்டியவர்களாயினர். இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்னும் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலே, தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பதிகள் எவ்வாறு குடித்தனம் அமைத்துக்கொண்டனர், அதில் எதைப் பெற்றனர், எது அவர்களுக்கு நெடுங்காலம் கிட்டாமற் போயிற்று என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு செய்தியை மனத்திற் கொள்ளவேண்டும். மலைநாட்டிற்கு முதலில் வந்தவை குடும்பங்கள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அங்கு பயிராகியது கோப்பி. கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டில் சில மாதங்களே. அந்த மாதங்களுக்கு மட்டும் ஆண்கள் கூட்டங் கூட்டமாக வந்தார்கள். பழம் பறித்து முடிந்ததும், ஊரிலே வயல் வேலை பார்க்கத் திரும்பிப் போனார்கள். மன்னாரிலே கரையேறி, காடும் வெயிலும் நிறைந்த வழியிலே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைவார்கள். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் இறந்தவர் பலர். அத்தகைய வழியிலே பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துவர எவருக்குத் துணிவு வரும்? வந்த பெண்கள் மிகச் சிலரே.

1869ஆம் ஆண்டில் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுள் கோப்பி அழிந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1873ஆம் ஆண்டில் இலண்டனுக்கு ஏற்றுமதியான இலங்கைத் தேயிலை 23 இறாத்தலே. அந்தச் சிறு பொதி நாளடைவில் நாட்டின் முதற் பெரும் ஏற்றுமதியாக வளர்ந்தது.

கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோப்பி ஆண்டுக்கொருமுறை பழம் தருவது. தேயிலையோ ஏழு நாளைக்கு ஒருமுறை, பத்து நாளைக்கு ஒருமுறை எனக் கொழுந்து விட்டுக்கொண்டே இருப்பது. இரண்டு இலையும் ஓர் அரும்புமாக அதைக் கிள்ளாமல் விட்டால் கொழுந்து முற்றிவிடும். தூளின் தரம் கெட்டுவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் மலையில் ஆள் நிற்கவேண்டும். கொழுந்து பறிப்பதற்குப் பெண்களின் விரல்களே ஏற்றவை என்று தோட்டத் துரைமார் கருதினார்கள். பெண்களுக்குக் கூலி குறைவு என்பதையும் அவர்கள் மறந்துவிடவில்லை. பெண் வேண்டுமானால் குடும்பம் வேண்டும். குடும்பம் வேண்டுமானால் அது தங்குதற்கு இடம் வேண்டும். இவ்வாறு, கோப்பி தனி ஆடவனை அழைத்தது. தேயிலை தம்பதிகளை அழைத்தது எனலாம். மலைநாட்டுத் தமிழரின் சமூக வரலாறு இந்த ஒரு மாற்றத்திலிருந்தே தொடங்குகிறது.

திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளின் சிற்றூர்களிலே மழை பொய்த்த காலத்திலும், கடன் முற்றிய காலத்திலும், கங்காணி வந்து நிற்பான். அவன் அந்நியன் அல்லன். பெரும்பாலும் அதே ஊர்க்காரன், சில வேளைகளில் உறவினன். கையிலே முன்பணம் கொடுப்பான். ஊர்க்கடனை அடைக்க அப்பணம் உதவும். வழிச் செலவும் அவன் பொறுப்பே. ஆனால் அவன் கொடுத்த ஒவ்வொரு காசும் கணக்கில் ஏறும். கணவனும் மனைவியும் தோட்டத்திலே முதல் நாள் வேலைக்கு இறங்குமுன்னரே கடனாளிகள் ஆகிவிடுவார்கள். குளிர் தாங்காது என்று தோட்டத்திலே கொடுக்கும் கறுப்புக் கம்பளியுங்கூட அந்தக் கடனிலே சேரும்.

இந்தக் கடனுக்கு ஒரு சீட்டு உண்டு. அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். ‘இன்ன ஆளின் கடன் இவ்வளவு, இதனைக் கட்டினால் இவரை விடுவிப்பேன்’ என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. வேறு தோட்டத்திற்குப் போக விரும்பும் குடும்பத்தை அந்தத் தோட்டத்தார் கடனைக் கட்டி எடுத்துக்கொள்வார்கள். கடன் மட்டும் ஒழியாது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு ஆட்களோடு சேர்ந்து பயணம் செய்யும். 1921ஆம் ஆண்டில் இத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரையில் ஒரு குடித்தனத்தின் விலை ஒரு சிறு காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது என்றால் அது மிகையன்று.

வழியைப் பொறுத்தவரையில் காலப்போக்கில் சில வசதிகள் ஏற்பட்டன. புகையிரதம் 1884ஆம் ஆண்டில் அட்டனையும், 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரவு தொடங்கியது. இடையிலுள்ள கடல் ஏறக்குறைய 22 மைல். கப்பலேறுமுன் மண்டபம் முகாமிலே சில நாள் தங்கவேண்டும். அங்கே அம்மைப் பால் குத்துவார்கள், தொற்றுநோய் உண்டா என்று பார்ப்பார்கள், பெயர் பதிவார்கள். ‘கண்டிச் சீமை’ என்று ஊரிலே கதைபோலக் கேட்ட நாட்டிற்கு, மண்டபமே வாயிலாக அமைந்தது.

இனி, தோட்டத்திற்கு வந்து சேர்ந்த தம்பதிகளின் வீட்டைப் பார்ப்போம். வீடு என்று நாம் சொன்னாலும் தோட்டத்தில் அதற்குப் பெயர் லயம். நீண்ட ஒரே கட்டடம், தகரக் கூரை, அதனைச் சுவர்களால் பத்துப் பன்னிரண்டு அறைகளாகப் பிரித்திருப்பார்கள். சில லயங்களிலே முதுகோடு முதுகு சேர்ந்தாற்போல் இருபுறமும் அறைகள் இருக்கும். அவற்றிற்குப் பின்பக்கச் சன்னலும் இராது. ஓர் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதுவே ‘காம்பரா’. முன்னே ஒரு சிறு தாழ்வாரம், அது ‘இஸ்தோப்பு’.

இச்சொற்களைச் சற்றே கவனியுங்கள். ‘லயம்’ என்பது வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. ‘காம்பரா’ போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. ‘இஸ்தோப்பு’ ஒல்லாந்தருடையது. காலையில் ஆட்களை வரிசைப்படுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் ‘பெரட்டு’ என்பதும் ஆங்கிலேயரின் படையணி வகுப்பைக் குறிக்கும் சொல்லே. குடியிருக்கும் இடத்திற்கும் உழைக்கும் இடத்திற்கும் பிறர் வைத்த பெயர்களே நிலைத்தன. ஆனால் அந்த அறைக்குள்ளே எரிந்த அடுப்புக்குப் பெயர் அடுப்பே. பானைக்குப் பெயர் பானையே. உள்ளே நுழைந்ததும் தமிழ் தொடங்கிவிடும்.

அந்த ஒரே அறையிலே கணவன், மனைவி, பிள்ளைகள், சில வேளை ஊரிலிருந்து உடன்வந்த தாய் அல்லது தம்பி ஆகியோர் குடியிருக்கவேண்டும். அடுப்பும் அங்கேதான், அல்லது இஸ்தோப்பிலே. பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டித் திரையாக்கிக் கொள்வார்கள். புதிதாக மணமான தம்பதிகளுக்கு அந்தச் சேலைத் திரையே படுக்கையறைச் சுவர். மறுபக்கத்துச் சுவரும் கூரையைத் தொடாத சுவராக இருக்குமாயின், பக்கத்து வீட்டின் இருமலும் சண்டையும் தாலாட்டும் இங்கே கேட்கும். இங்குள்ளவை அங்கே கேட்கும். இதிலே துன்பம் உண்டு, நாணமும் உண்டு. ஆனால் இதனால் விளைந்த நன்மை ஒன்றையும் சொல்லாமல் விடுவது முறையன்று. நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை எடுத்தால், அவள் கணவன் எவரையும் கூவி அழைக்க வேண்டியதில்லை. அவள் முனகிய மாத்திரத்திலே பக்கத்துக் காம்பராக்காரி எழுந்து வந்துவிடுவாள்.

இந்தக் குடித்தனத்தின் அன்றாட நடைமுறை எவ்வாறு இருந்தது? பொழுது புலருமுன்னே தப்பு அடித்தோ, கொம்பு ஊதியோ எழுப்புவார்கள். மனைவி அதற்கும் முன்னே எழுந்திருப்பாள். மலை ஊற்றிலிருந்து வரும் பீலியிலே தண்ணீர் பிடிக்கவேண்டும், தேத்தண்ணி வைக்கவேண்டும், ரொட்டி சுடவேண்டும், கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிலே விடவேண்டும். அதன்பின் கணவனும் மனைவியும் பெரட்டுக்களத்தில் நிற்பார்கள். அங்கே அவர்கள் பிரிந்துவிடுவார்கள். கணவன் கவ்வாத்து வெட்டவோ, முள்ளுக் குத்தவோ, கான் வெட்டவோ போவான். மனைவி இடுப்பிலே படங்கு கட்டி, தலையிலே கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போவாள். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் குளிரிலும், மழைக்காலத்து அட்டன் பள்ளத்தாக்கின் ஓயாத தூறலிலும், அட்டைக்கடியிலும் அவள் வேலை நடக்கும்.

ஆண்களின் வேலை பெரும்பாலும் கணக்கு வேலை. கொடுத்த அளவை முடித்துவிட்டால் பிற்பகலிலேயே வீடு திரும்பலாம். கொழுந்துக்காரிக்கு அது இல்லை. மாலை நிறுவை முடிந்து அவள் லயத்திற்கு வரும்போது இருட்டிவிடும். வரும் வழியிலே கவ்வாத்து மலையில் விழுந்து கிடக்கும் தேயிலை மிளாறை விறகுக்காகக் கட்டித் தூக்கிவருவாள். அடுப்பு மீண்டும் அவளுக்காகக் காத்திருக்கும். ஒரே குடித்தனத்தில் இருவர் உழைத்தனர். ஆனால் இருவருடைய நாளும் ஒரே நீளமுடையதன்று.

கூலியும் அவ்வாறே. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1929ஆம் ஆண்டில் கூலி விகிதம் நடைமுறைக்கு வந்தபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என வகுத்தார்கள். எடை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடுவார்கள். அன்றைய உழைப்பில் பாதி போயிற்று. மாதக் கூலியிலே தோட்டம் கொடுத்த அரிசிக்கும், முன்பணத்திற்கும், தீபாவளிக்கு வாங்கிய பணத்திற்கும் கழித்தது போக எஞ்சியதே கைக்கு வரும். மனைவியின் சம்பளத்தையும் கணவனே கையெழுத்திட்டோ கைந்நாட்டு வைத்தோ வாங்கிவரும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. தான் ஈட்டியது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாதிருந்தது. அதிலே ஒரு பகுதி சாராயத் தவறணையில் கழிந்த நாள்களும் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் என்பது 1984ஆம் ஆண்டிலேதான் மலைநாட்டிற்கு வந்து சேர்ந்தது. 43 சதத்திலிருந்து சமத்துவத்தை எட்ட அரைநூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

உணவிலும் புதிய நாடு தன் அடையாளத்தைப் பதித்தது. ஊரிலே கம்பும் கேழ்வரகும் சோளமும் உண்டு பழகிய ஏழை மக்களுக்குத் தோட்டத்திலே அளந்து கொடுத்தது அரிசி. இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானபோது அவ்வரிசி வருவது தடைப்பட்டது. பங்கீட்டில் கோதுமை மா வந்தது. அன்று நெருக்கடிக்காக வந்த மா, பின்னர் அகலவே இல்லை. கெட்டியான ரொட்டியும், இடித்த சம்பலும், சாயத் தேத்தண்ணியும் மலைநாட்டுக் காலை உணவாகவே ஆகிவிட்டன. லயத்தின் பின்னே கிடைத்த சிறு துண்டு நிலத்திலே கீரையும், கிழங்கும், போஞ்சியும் போட்டார்கள். சிலர் பசு வளர்த்தார்கள். எருவைச் சுமந்து கொட்டி அந்தச் சிறு நிலத்தைப் பண்படுத்தினார்கள். நிலம் அவர்களுடையது அன்று. ஆயினும் விதைத்த கைக்கு அந்த நினைப்பு எப்போதும் வருவதில்லை.

அண்டை அயலை அமைத்துக்கொண்ட வகை இன்னும் சிறப்பானது. ஊரிலே வெவ்வேறு கிராமத்தவராக, ஒருவரையொருவர் அறியாதவராக இருந்தவர்கள், ஒரே லயத்தில் வந்து சேர்ந்தபின் அண்ணன் என்றும், மாமா என்றும், அத்தை என்றும் முறை வைத்து அழைத்துக்கொண்டார்கள். முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் கடமையும் கூடவே வந்துவிடும். திருமணத்திலே தாய்மாமன் சீர் செய்ய ஒருவர் வேண்டும். இழவிலே தோள் கொடுக்க நால்வர் வேண்டும். உடன்பிறந்தவர் கடலுக்கு அப்பால் இருந்தால், அடுத்த காம்பராக்காரரே உடன்பிறந்தவர் ஆகிறார்.

தெய்வங்களும் குடியேறின. மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் தோட்ட எல்லையிலே கல்லாகவும் சூலமாகவும் நிலைபெற்றனர். அம்மட்டில் நிற்கவில்லை. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்க ‘ரோதைமுனி’ என்றும், கத்தி பிடிக்கும் கவ்வாத்து வேலையைக் காக்கக் ‘கவ்வாத்துச்சாமி’ என்றும் ஊரிலே எவரும் கேட்டறியாத தெய்வங்களை மலைநாட்டு மக்கள் தாமே நிறுவிக் கொண்டார்கள். இந்த இடத்திலே நேயர்கள் சிறிது சிந்திக்கவேண்டும். ஊர்த் தெய்வத்தை எடுத்து வந்தவன், திரும்பிப் போகும் எண்ணத்தோடும் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் புதிய மண்ணின் தொழிலுக்கென்று ஒரு புதிய தெய்வத்தையே வைத்தவன், அந்த மண்ணில் வாழ்ந்துவிடுவது என்று தன் மனத்தளவில் முடிவு செய்துவிட்டான். மாசி மாதத்துக் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும் குளிர்ந்த இரவுகளை நிரப்பின. மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து வைத்தமையால், அவற்றுள் ஒரு பகுதியேனும் நமக்குக் கிட்டியுள்ளது.

இங்கே மற்றொரு தம்பதியரையும் குறிப்பிடவேண்டும். அவர்கள் கூலியாக வந்தவர்கள் அல்லர். தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையாருமே அவர்கள். நடேசய்யர் 1920ஆம் ஆண்டளவில் இலங்கையிலே நிலைகொண்டார். வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத அக்காலத்தில், புடைவை வியாபாரி போல வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பர். 1931ஆம் ஆண்டில் அவர் அட்டனைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, தோட்டத் தொழிலாளருக்கென முதல் தொழிற்சங்கத்தை அமைத்தார். மீனாட்சியம்மையார் கணவரின் நிழலாக இருந்துவிடவில்லை. மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளிலே பாட்டுகளை இயற்றிக் கூட்டங்களிலே தாமே பாடினார். 1940ஆம் ஆண்டில் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவருடைய பாடல் நூல் வெளிவந்தது. எழுத்தறியாத பெண்ணும் ஒரு பாட்டைக் கேட்டு லயத்துக்கு எடுத்துச் செல்லலாம் அல்லவா? பிற குடித்தனங்களின் நலத்துக்காகத் தம் குடித்தனத்தையே மலைநாட்டிற்கு மாற்றிக்கொண்ட தம்பதிகள் என்று இவர்களைச் சொல்வது பொருந்தும்.

இவ்வளவும் அமைந்தன. அடுப்பு அமைந்தது, அயல் அமைந்தது, தெய்வம் அமைந்தது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். தொடக்கத்திலே நான் கூறிய அந்தக் கடைசிப் பொருள், அதாவது, ‘எவரும் நம்மை எழுப்பமாட்டார்கள்’ என்ற உறுதி, அதுமட்டும் அமையவில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, வீடு வேலையோடு கட்டுண்டிருந்தது. வேலை போனால் காம்பராவும் போயிற்று. கணவன், மனைவி இருவருள் ஒருவரது வேலை முடிவுற்றால் மற்றவரது வேலையும் உடன் முடிவுறும் என்றொரு விதி தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இடம்பெற்றது. தம்பதிகளைப் பிரித்து வைக்கலாகாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நோக்கம். ஆனால் சங்கத்தில் சேர்ந்தமைக்காகக் கணவனை நீக்கினால், யாதொரு பிழையும் செய்யாத மனைவியின் வேலையும் போய், அடுப்பே அணைந்துவிடும். காப்பாற்ற எழுதிய விதியே அச்சுறுத்தும் கருவியாகவும் பயன்படக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாவது காரணம் குடியுரிமை. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. மலைநாட்டவருள் பெரும்பாலோர் இதனால் உரிமையற்றவராயினர். அடுத்த ஆண்டில், அதாவது 1949ஆம் ஆண்டில், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாளுக்கு முன்னர் இடைவிடாமல் நாட்டில் வாழ்ந்திருக்கவேண்டும் என்று அது விதித்தது. மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு. மணமானவருக்கு ஏழு ஆண்டு. குடித்தனம் நடத்துபவன் நாட்டிலே வேரூன்றியவன் என்ற கருத்து இதில் தெரிகிறது. ஆனால் அதே சட்டம், மனைவியும் இடைவிடாமல் உடன் வாழ்ந்தாளா என்றும் கேட்டது.

இந்தக் கேள்விக்கு லயத்துத் தம்பதிகள் என்ன சான்று காட்டுவார்கள்? ஊர்ப் பெரியவர் முன்னிலையில் தாலி கட்டிய திருமணம். அதற்குப் பதிவு இல்லை. தோட்டத்துச் செக்றோலில் பெயர் உண்டு. ஆனால் ஒரு தோட்டத்தில் ஒரு விதமாகவும், இன்னொரு தோட்டத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு போய் வந்த மனைவி, நாட்டை விட்டு நீங்கியவளாகக் கணக்கிடப்படக்கூடும். தாயின் கையால் ஒரு வாய்ச் சோறு உண்ணப் போன பயணம் குடியுரிமைக்குத் தடையாகும் என்று எந்தப் பெண் நினைத்திருப்பாள்? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

பின்னர், 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கொண்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை இரண்டு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. கணக்கில் இது எளிதாக இருந்தது. லயத்திலே அது எளிதாக இல்லை. பெற்றோர் இந்தியாவுக்கென்றும், மணமாகிச் சென்ற மகள் இலங்கைக்கென்றும் பிரிந்தார்கள். அட்டன் புகையிரத நிலையத்திலே வண்டி புறப்படும்போது எழுந்த அழுகுரலால், அங்கிருந்து புறப்பட்ட வண்டிகளை ‘அழுகைக் கோச்சி’ என்றே மக்கள் வழங்கினார்கள்.

இந்தியா சென்ற தம்பதிகளின் நிலை யாது? அது ‘தாய்நாடு’ என்று ஏட்டில் எழுதப்பட்டது. ஆனால் அவர்களுள் பலர் அதனை ஒருநாளும் கண்டதில்லை. மண்டபத்தில் இறங்கிய அவர்களுக்கு வெயில் புதிது; பேச்சிலே பல சொற்கள் புதியவை; ஊரார் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தார்கள். தமிழக அரசு 1968ஆம் ஆண்டில் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்திலே, நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிலே பலர் குடியமர்ந்தார்கள். மீண்டும் மலை, மீண்டும் குளிர், மீண்டும் அதே இரண்டு இலையும் ஓர் அரும்பும். பாட்டியும் பாட்டனும் கண்டிச் சீமையிலே செய்த வேலையை, அதாவது முன்பின் அறியாத நாட்டில் ஒரு குடித்தனத்தை முதலிலிருந்து அமைக்கும் வேலையை, பேரனும் அவன் மனைவியும் இந்தியாவிலே மறுபடியும் செய்தார்கள்.

இலங்கையிலே தங்கியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைச் சிக்கலை ஒருவாறு தீர்த்து வைத்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் முதல் நாட்டில் வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வழிவந்தோரும் அதனால் குடிமக்களாயினர். இப்போது எஞ்சி நிற்பது நிலமும் வீடும். சிறு நிலத் துண்டுகளிலே தனித்தனி வீடுகள் கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் நடைபெறுகின்றன. தனிச் சுவரும், தனிச் சமையலறையும், பின்பக்கம் ஒரு சன்னலும் உள்ள வீடு என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறிய செய்தி. சேலைத் திரையின் பின்னே வாழத் தொடங்கிய பரம்பரைக்கு அது சிறிய செய்தியன்று. எனினும் பழைய லயங்களிலே இன்னும் குடியிருப்போர் தொகை பெரிது.

இவ்விடத்திலே என் கருத்து ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். இன்று கட்டப்படும் வீடுகளின் உறுதிப்பத்திரத்திலே யாருடைய பெயர் எழுதப்படும் என்பது அற்பமான கேள்வி அன்று. பெரட்டுக்களத்தில் இரண்டு பெயர் கூப்பிட்டார்கள். செக்றோலில் இரண்டு பெயர் பதிந்தார்கள். குடியுரிமை வழங்கும் வேளையில் இருவரது ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்தார்கள். உழைப்பைக் கேட்டபோதும், சான்றைக் கேட்டபோதும் கணவன், மனைவி இருவரையுமே கேட்டவர்கள், உரிமையைக் கொடுக்கும்போதும் இருவருக்குமே கொடுப்பதுதான் முறை. அந்தக் குடித்தனத்தை அமைத்தவர்கள் இருவர்.